ட்ரை வாஷ்: கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் அப்பா தொடங்கிய ட்ரை வாஷ் கடையில் பதினான்கு வருடமாகக் கவுன்டரில் உட்காருகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் பழைய மெஷினைக் கழற்றிவிட்டு, முக்கால்வாசித் துணிகளைத் தண்ணீரிலேயே வெளுக்க ஆரம்பித்தோம். அன்றிலிருந்து சந்தேகங்கள் ஓயவில்லை. பில் போடுகிற அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"ட்ரை வாஷ்னா துணி நனையவே நனையாதா அக்கா?"

நன்றாகவே நனையும். தண்ணீரில் நனையாது, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற ஒரு திரவத்தில் துணியை முக்கி, சுழற்றி, பிழிந்து, சூடான காற்றில் உலர்த்துகிறோம். அந்தத் திரவத்துக்குக் கடைப்பேச்சில் சால்வென்ட் என்று பெயர். தண்ணீர் பட்டால் கம்பளி, பட்டு இழைகள் உப்பும். அந்த நிலையில் கசக்கினால் துணி சுருங்கும், உருமாறும். சால்வென்டில் இழை உப்பாது. அழுக்கோடு ஒட்டியிருக்கும் எண்ணெய் மட்டும் கழன்று வரும்.

ஆனால் வேர்வை உப்பு, பாயசம், சர்க்கரைப் பாகு இதெல்லாம் சால்வென்டில் கரையாது. அதனால் எல்லா ட்ரை வாஷ் கடையிலும் ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டுத்தான் கறை எடுப்பார். நீங்கள் "தண்ணி படக்கூடாது" என்று சொல்லிக் கொடுக்கும் புடவையிலும் இது நடக்கிறது.

"அப்போ அது என்ன திரவம்? பெட்ரோல்தானே?"

ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். அப்பா 1980களில் கடை ஆரம்பித்தபோது மெஷின் கிடையாது. கொல்லையில் மூடி போட்ட ஒரு டிரம், அதில் பெட்ரோல். புடவையை முக்கி எடுத்து நிழலில் விரிப்பார். "பெட்ரோல் வாஷ்" என்ற பேச்சு அப்படி வந்ததுதான், இன்றும் சில இடங்களில் வேலை அப்படித்தான் நடக்கிறது. அப்புறம் டர்பன்டைனுக்கு மாறினார். பெயின்டில் கலக்க வாங்குகிறோமே, அதன் உறவுக்கார எண்ணெய். கறை எடுக்க சி.டி.சி. என்று ஒரு பாட்டில் தனியாக இருக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரலைக் கெடுப்பது, ஓசோன் படலத்தையும் அரிப்பது. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010 தொடக்கத்தோடு இந்தியாவில் அதை இந்த வேலைக்குப் பயன்படுத்துவது நின்றது.

பெரிய மெஷின் வைத்த கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பெர்க், அதாவது பெர்க்ளோரோஎத்திலீன். நாங்களும் செகண்ட் ஹேண்டில் ஒரு பெர்க் மெஷின் வாங்கிப் பல வருடம் ஓட்டினோம். தீப்பிடிக்காது, பிசுக்கை நன்றாக எடுக்கும், காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பெட்ரோல் டிரம் பக்கத்தில் பயந்து பயந்து வேலை செய்த அப்பாவுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்ததில் தப்பே இல்லை.

"பெர்க் அவ்வளவு கெட்டதா? அமெரிக்காக்காரன் எண்பது வருஷமா அதுலதானே வெளுக்கறான்?"

அந்த அமெரிக்காக்காரன்தான் இப்போது விடச் சொல்கிறான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு பெர்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பட்டியலில் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1-ஓடு ட்ரை வாஷ் கடைகளில் பெர்க் முடிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட விதி, நாடு முழுவதும் ட்ரை வாஷ் கடைகள் பெர்க்கைக் கைவிட 10 வருட அவகாசம் கொடுத்தது. பிரான்ஸில் குடியிருப்பை ஒட்டிய கடைகளில் புதிதாக பெர்க் மெஷின் வைக்க 2013-லேயே தடை வந்துவிட்டது.

உடனே தெரிவது தலைவலி, கிறுகிறுப்பு, தோல் வறண்டு வெடிப்பது. நாள்பட்டால் ஈரல், சிறுநீரகம், நரம்பு. எங்கள் மெஷினின் அடியில் கொதிகலன் மாதிரி ஒரு பகுதி உண்டு. அழுக்கு பெர்க்கைக் காய்ச்சி வடித்த பிறகு அதில் கறுப்புக் களிம்பு தங்கும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து அதைச் சுரண்டி எடுப்பது அப்பாவின் வேலை. லேசான இனிப்பு வாடை கடை முழுக்கப் பரவும். அன்றைக்கு மதியம் அவர் சாப்பிட மாட்டார், வயிறு சரியில்லை என்பார். நாங்களும் வயிறு என்றே வருடக்கணக்காக நம்பினோம்.

இன்னொரு பக்கம் நிலத்தடி நீர். பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். சிந்தினால் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீருக்கும் கீழே போய் உட்காரும். சிமென்ட் தரையையும் துளைத்துப் போகும். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வரம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லிட்டர் பெர்க், சுமார் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 27,000 லோடு.

"வீட்டுக்கு வந்ததும் கவரைக் கழட்டி மாடியில காத்தாட விட்டா போதும்ல?"

உடுத்துகிறவருக்கு அது பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைப்பதும், ஏசி போட்டு ஜன்னல் மூடிய காரில் பின்சீட்டில் தொங்கவிடுவதும்தான் கூடாது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கம்பளி, பாலியஸ்டர், பருத்தித் துணிகளில் பெர்க் தங்குவதும், மறுபடி மறுபடி வெளுக்கும்போது அளவு ஏறுவதும் தெரிந்தது. பட்டில் அநேகமாகத் தங்கவில்லை. ஆகவே பயப்பட வேண்டியது கோட்டுக்குத்தான், பட்டுப் புடவைக்கு இல்லை.

ஆனால் நீங்கள் மாடியில் விரட்டுவது கொசுறு. மெஷின் பக்கத்தில் பத்து மணிநேரம் நிற்கிறவருக்கும், கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் மொட்டைமாடி கிடையாது. பெர்க் கடைகளுக்கு மேலே இருந்த வீடுகளில் வெண்ணெயைச் சோதித்தபோது அதில் பெர்க் இருந்தது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டுவது அதன் குணம். பிசுக்கு எடுப்பதும் அந்தக் குணத்தால்தான்.

"ஏழு மாசமுங்க. வளைகாப்புக்குப் பட்டை ட்ரை வாஷ் போட்டுக் கட்டலாமுங்களா?"

கட்டலாம். பட்டு, பெர்க்கை அநேகமாகப் பிடித்து வைக்காது என்று மேலே சொன்னேன். இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி நிழலில் விரித்துவிடுங்கள். வாடை மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுங்கள், அது சரியாக உலரவில்லை என்று அர்த்தம். கர்ப்பமாக இருப்பவர் பெர்க் கடையில் வேலை செய்வது வேறு விஷயம். அப்படி வேலை பார்த்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. எங்கள் கடையில் பெர்க் இருந்த காலத்தில் நான் என் இரண்டாவது பிரசவத்துக்கு முந்தைய ஆறு மாதம் கவுன்டர் பக்கமே போகவில்லை.

"பெர்க் வேண்டாம்னா வேற என்னதான் இருக்கு?"

முதலில் தண்ணீர். அதற்குரிய மெஷினும் சோப்பும் வைத்துச் செய்கிற முறைக்கு வெட் கிளீனிங் என்று பெயர். ஜெர்மனியில் க்ரொய்ஸ்லர் என்ற சலவைப் பொருள் கம்பெனியும் மீலே என்ற மெஷின் கம்பெனியும் சேர்ந்து 1991-ல் கொண்டுவந்தது. இதுவரை வந்த மாற்றுகளில் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் எளிது: சோப்பு போக மீதி எல்லாம் நமக்குத் தெரிந்த பொருள்.

இரண்டாவது ஹைட்ரோகார்பன். பெட்ரோலின் நாகரிகமான பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடப் பொறி பட்டால் பற்றும். பழைய டர்பன்டைன் வகை 30, 40 டிகிரியில் பற்றும். கோவையில் ஏப்ரல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம். இப்போது மெஷினுக்கென்று வரும் ஹைட்ரோகார்பன் 60 டிகிரிக்கு மேல்தான் பற்றும். பெர்க்கை விட உடம்புக்குத் தேவலை. ஆனாலும் நிலத்தடி எண்ணெய்தான், ஆவியாகிப் போய்க் காற்றையும் கெடுக்கும். பச்சை, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீரில் போட முடியாத துணிக்காக எங்களிடமும் இதில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது.

மூன்றாவது சிலிக்கோன் எண்ணெய், டி5 என்பார்கள். மூக்கில் ஏறாது, துணிக்கு மென்மை. ஆனால் சுற்றுச்சூழலில் எளிதில் அழியாது. ஐரோப்பிய ரசாயன முகமை 2018-ல் இதை மிகுந்த கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான்காவதாகத் திரவக் கார்பன் டை ஆக்சைடு. அதைப் பற்றித் தனியாகவே கேட்கிறார்கள், கீழே வருகிறது.

"தண்ணில வெளுக்கறதுன்னா எங்க வீட்டு மெஷின்ல போடறதுதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டு மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு அடிக்கும். வெட் கிளீன் மெஷினில் டிரம் எத்தனை விநாடி சுற்ற வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும், எவ்வளவு தண்ணீர், என்ன சூடு என்று துணிக்குத் தக்கபடி வைக்கலாம். கம்பளிக் கோட்டுக்கு டிரம் தொட்டில் ஆட்டுகிற மாதிரிதான் அசையும். சோப்பும் வேறு. சாதாரண சலவைத்தூள் காரம். பட்டும் கம்பளியும் மயிர் மாதிரி புரத இழைகள், காரம் பட்டால் சொரசொரத்துப் பளபளப்புப் போய்விடும். அதனால் காரமில்லாத சோப்பு. உலர்த்தும் மெஷின் துணியின் ஈரத்தை அளந்து, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே நின்றுவிடும். அங்கே ஒரு நிமிடம் அதிகம் ஓடினால் கோட்டு பையனுக்குத்தான் ஆகும்.

காசு போவது அதற்கப்புறம். கோட்டை ஆள் உருவ பொம்மையில் மாட்டி, நீராவி அடித்து, இழுத்து நிறுத்தி இஸ்திரி போட வேண்டும். பெர்க்கில் வந்த கோட்டுக்கு எங்கள் இஸ்திரிக்காரர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல இதற்கு இரண்டு மடங்கு ஆகிறது. சால்வென்ட் வாங்குகிற செலவு மிச்சம், அது அவர் கூலிக்குப் போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

"லேபிள்லயே ட்ரை கிளீன் ஒன்லின்னு போட்டிருக்கே, நீங்க எப்படித் தண்ணில போடறீங்க?"

தயாரிப்பவர் தன் தலைக்கு வராமல் பார்த்துக்கொள்ள எழுதும் வாசகம் அது, பல சமயம். சோதித்துப் பார்ப்பதைவிட எழுதிவிடுவது சுலபம். வாசகத்தை விட்டு அதன் பக்கத்தில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில பி எழுத்து இருந்தால் பெர்க்கிலும் வெளுக்கலாம், ஹைட்ரோகார்பனிலும் வெளுக்கலாம். எஃப் இருந்தால் ஹைட்ரோகார்பன் மட்டும். டபிள்யூ என்றால் நான் சொன்ன வெட் கிளீனிங் செய்யலாம். வட்டத்துக்குக் கீழே கோடு இருந்தால் மென்மையாக. பி, டபிள்யூ இரண்டும் ஒரே லேபிளில் இருப்பதும் உண்டு, யாரும் பார்ப்பதில்லை.

நாங்கள் தண்ணீரில் போடாதவையும் இருக்கின்றன: ஒட்டுப் போட்ட உள்துணி உரியக்கூடிய பழைய கோட்டுகள், வெல்வெட்டில் சில, கல்லும் கண்ணாடியும் பசையில் ஒட்டிய லெஹங்கா. கடைசியாகச் சொன்னதை எந்தத் திரவத்திலும் போட எனக்குத் தைரியம் கிடையாது. பெர்க்கில் அந்தப் பசையே கரைந்து, மெஷினுக்குள் கல்லை எண்ணி எடுத்த அனுபவம் உண்டு.

"காஞ்சிபுரம் பட்டைத் தண்ணில போடுவீங்களா? எங்க அம்மா கல்யாணப் புடவைங்க அது."

முதலில் சோதிப்போம். இடுப்பில் செருகும் உள்முனையில், உடலும் கரையும் சேரும் இடத்தில், ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துவோம். அரக்குக் கரையின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறினால் கதை முடிந்தது. தண்ணீர் கிடையாது, ஹைட்ரோகார்பன்தான். அரக்கு, மயில்கழுத்து, கரும்பச்சை இந்த மூன்றும்தான் எங்களை அதிகம் ஏமாற்றியவை. உடல் வெளிர் நிறமாகவும் கரை அடர் நிறமாகவும் இருந்தால் இரண்டு இடத்தில் சோதிப்போம்.

அடுத்து ஜரிகை. அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாம் பூசியிருக்கும். பிரிந்த நுனி ஒன்றைப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியும். அது தண்ணீரைத் தாங்கும். செம்புக் கம்பி ஜரிகை கறுக்கும். சாயமும் ஜரிகையும் தேறினால் தண்ணீரில் போடுவோம்; வேர்வையும் சந்தனமும் படிந்த புடவைக்கு உண்மையில் தண்ணீர்தான் நல்லது, ஏனென்றால் முதல் கேள்வியில் சொன்னபடி வேர்வை உப்பு சால்வென்டில் போகாது. பெட்ரோல் வாஷ் மட்டுமே கண்ட பழைய புடவைகள் மடிப்பிலும் அக்குள் பக்கத்திலும் இற்றுப்போவதற்கு, உள்ளேயே தங்கிய அந்த உப்பும் ஒரு காரணம்.

நம் பாட்டிகள் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் பட்டை அலசினார்கள். பூந்திக்கொட்டை நுரையில் காரம் இல்லை, பட்டுக்கு ஒத்துப்போகும். எங்கள் ஊரில் இன்னொரு வசதி, சிறுவாணித் தண்ணீர். போர் தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பு படிந்து பட்டு மங்கிப்போகும். நாங்கள் போர் தண்ணீரை மென்னீராக்கும் கருவி வழியாகவே எடுக்கிறோம்.

"ஒரு கடையில ஆர்கானிக் ட்ரை கிளீனிங்னு போர்டு இருந்துச்சு. அது உங்களதைவிட நல்லதா?"

காய்கறிக் கடை ஆர்கானிக் வேறு, வேதியியல் புத்தகத்து ஆர்கானிக் வேறு. கார்பன் அணு அடிப்படையான சேர்மங்களில் பெரும்பாலானவை வேதியியலில் ஆர்கானிக்தான். பெட்ரோல் ஆர்கானிக். பெர்க்கும் ஆர்கானிக். போர்டு எழுதியவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஹைட்ரோகார்பன்.

"என்ன சால்வென்ட் அண்ணா ஊத்தறீங்க?" என்று நேராகக் கேளுங்கள். பெயர் சொன்னால் நல்ல கடை. "அதெல்லாம் இம்போர்ட்டட்" என்றால் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். வாடையை வைத்தும் ஓரளவு தெரியும்: பெர்க் லேசாக இனிக்கும், ஹைட்ரோகார்பன் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை. சரியாக உலர்ந்த துணியில் இரண்டுமே இருக்கக்கூடாது.

"கார்பன் டை ஆக்சைடுல வெளுத்தா பூமி சூடாகாதா?"

பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கேட்டது. நல்ல கேள்வி. வெளுப்பதற்காக அந்த வாயுவைப் புதிதாக உண்டாக்குவதில்லை. தொழிற்சாலைகளில் உபரியாக வெளியேறுவதைப் பிடித்துப் பயன்படுத்தி, மெஷினுக்குள்ளேயே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சுமார் 57 மடங்கு காற்றழுத்தத்தில் அழுத்தினால் அறைச் சூட்டிலேயே அது திரவமாகிவிடும். கார் டயரில் இருப்பது இரண்டேகால் மடங்கு, ஒப்பிட்டுக்கொள். அழுத்தத்தை விட்டதும் வாயுவாகப் பறந்துவிடும், துணி காய்ந்தே வெளியே வரும். முறை அருமை. அந்த அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு உருளையின் விலையில் எங்கள் மாதிரி கடை நாலைந்து வைக்கலாம்.

"தண்ணி லாரிக்குக் காத்துக்கிடக்கற ஊர்ல தண்ணில வெளுக்கறது பச்சையாம்மா?"

இதற்குத் தடாலடியாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர் செலவாகிறது, மறுக்கவில்லை. பெர்க் மெஷினிலும் ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசி அலசல் தண்ணீரைச் சேமித்து அடுத்த சுமைக்கு முதல் தண்ணீராகப் பயன்படுத்துகிறோம். வெளியே போவது சோப்பும் கொஞ்சம் சாயமும். நொய்யல் கரையில் இருந்துகொண்டு சாயத்தை "கொஞ்சம்தான்" என்று சொல்லக் கூசுகிறது; இந்த ஆற்றைக் கெடுத்ததற்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அளவு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது, ஆனாலும் சாக்கடையில் நேராக விடாமல் வடிகட்டித் தொட்டி வைத்திருக்கிறோம். வெட் கிளீனிங்கின் பலவீனமான இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

"எங்க அம்மா பெட்ரோல் வாங்கி வந்து வீட்லயே பட்டை அலசுவாங்க. நானும் செய்யலாமா?"

கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், புகை மாதிரி மேலே போகாது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையில் இருக்கும் அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் போகும். பட்டை உதறும்போது வரும் மின்பொறியே போதும். தவிர பெட்ரோலில் பென்சீன் உண்டு. இப்போதைய பி.எஸ்.6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை இருக்கலாம், அது ரத்தப் புற்றுநோய் வரவைப்பது நிரூபணமானது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அம்மாவின் அதிர்ஷ்டம். ஒரு முறை உடுத்திய புடவைக்கு வெளுப்பே தேவையில்லை. நிழலில் இரவு முழுக்கக் காற்றாடவிட்டு மடித்து வையுங்கள். இப்படிச் சொல்லி எங்கள் வியாபாரத்தை நானே கெடுப்பதாக அப்பா சொல்வார்.

"நானும் லாண்டரி வெச்சிருக்கேன். இருக்கற பெர்க் மெஷின்லயே வேற சால்வென்ட் ஊத்தி ஓட்டலாமுங்களா?"

ஹைட்ரோகார்பனை ஊற்றவே ஊற்றாதீர்கள். பெர்க் மெஷின் தீப்பிடிக்காத திரவத்துக்காகச் செய்தது. அதன் ஹீட்டர், மோட்டார், சுவிட்ச் எதிலும் பொறிக்குப் பாதுகாப்பு இருக்காது. "அப்படியே மாத்தி ஊத்தலாம்" என்று அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு திரவம் என்-புரோபைல் புரோமைடு. அதை ஊற்றிய கடைகளில் ஆட்களுக்கு நரம்புக் கோளாறு வந்தது. 2022-ல் அந்த நாட்டின் அபாயகரமான காற்று மாசுப் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. கெட்டதை விட்டு இன்னும் கெட்டதற்குப் போன கதை.

மாறுவதென்றால் மெஷினையே மாற்ற வேண்டும். ஒரேயடியாக வேண்டாம். ஒரு வெட் கிளீன் மெஷின் வாங்கி, பருத்திக் குர்த்தா, பாலியஸ்டர் கோட்டு, ஷால் என்று சுலபமானவற்றை முதலில் அதற்குத் தள்ளுங்கள். எங்களுக்கு பெர்க் சுமை பாதியாகக் குறைய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் ஒரு கம்பளி பிளேசரைச் சுருக்கி முழு விலை கொடுத்தோம். உலர்த்தும் மெஷினை ஈரம் பார்க்காமல் ஓட்டிய என் தவறு.

மிச்ச பெர்க்கையும் களிம்பையும் என்ன செய்வது என்பதை முன்னாலேயே யோசித்துவிடுங்கள். 2016-ம் வருட அபாயகரமான கழிவு விதிகளின்கீழ் வருவது அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் இரண்டு டிரம்மும் கொல்லையில் நாலு மாதம் கிடந்து, அப்புறம்தான் லாரி வந்தது. அதுவரை மூடியைச் சுற்றி அப்பா ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்தார். அது எதற்கும் உதவாது என்று சொன்னேன், கேட்கவில்லை.